கரீபியக் கிழங்குக் கறி: அக்காவின் அடுப்படிக் குறிப்புகள்

தங்கச்சி, கரீபியத் தீவான டிரினிடாட்டின் வீடுகளில் வைக்கிற கிழங்குக் கறியை அதே மணத்தோடு உன் வீட்டு அடுப்பிலும் வைக்கலாம். கிழங்கெல்லாம் சந்தையில் கிடைப்பவைதான். மசாலாவில் பெரும்பாலானவை உன் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. செய்முறைதான் வேறு. அதை விட்டுவிட்டால் கை பழக்கதோஷத்தில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் புளியைக் கரைத்து ஊற்றிவிடும். வரும் குழம்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அது கரீபியக் கறி ஆகாது.

மூன்று காரியங்களை மட்டும் விடாதே. கறிப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, எண்ணெயில் சுண்டச் சுண்ட வதக்கு. கிழங்குகளை ஒரே நேரத்தில் கொட்டாமல், வேகும் நேரத்தைப் பார்த்து வரிசையாகப் போடு. பச்சை மசாலாவைத் தாராளமாகச் சேர். இந்த மூன்றும் சரியாக அமைந்தால், மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கறி கைவிடாது.

கறி பிறந்த கதை, சுருக்கமாக

இந்தக் கதை தெரிந்தால் எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பது தானாகப் பிடிபடும். பிரிட்டிஷ் கரீபியப் பகுதிகளில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் 1838 ஆகஸ்ட் 1 அன்று முழு விடுதலை பெற்றார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவில் கூலிக்கு ஆள் தேடினார்கள். 1838 மே மாதமே கயானாவுக்கு முதல் கப்பல்கள் போய்விட்டன. 1845 மே 30 அன்று 'ஃபதேல் ரசாக்' என்ற கப்பல் டிரினிடாட்டில் கரை சேர்ந்தது. அதே மாதம் ஜமைக்காவுக்கும் ஒரு கப்பல் போனது. 1917 வரை டிரினிடாட்டுக்கு மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஒரு பகுதியினர் போனார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி பேசும் மக்கள்.

அதனால்தான் அங்கே தாளிப்பு சீரகமும் பூண்டும். சீரகத்தை இன்றும் 'கீரா' என்றும், உருளைக்கிழங்கை 'ஆலு' என்றும் சொல்கிறார்கள். சட்டியில் வேகிற கிழங்குகளுக்கு அதைவிடப் பழைய வரலாறு உண்டு. மரவள்ளி அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் உணவு. வள்ளிக்கிழங்கு வகைகளை, ஆப்பிரிக்க மக்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் பயிரிட்டு உயிர் காத்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து உருவான சமையல் இது. நம் வழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் வழியில் செய்வதே அதற்குக் கொடுக்கும் மரியாதை.

கிழங்கு வாங்கும்போது

நாலைந்து பேர் சாப்பிட ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கிழங்கு போதும். ஒரே வகையில் செய்யாதே. கெட்டியாக நிற்பது ஒன்று, இனிப்பு ஒன்று, கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்துவது ஒன்று என்று கலந்து வாங்கு.

மரவள்ளி: மண்ணிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். கடைக்காரரை ஒரு முனையை ஒடித்துக் காட்டச் சொல். உள்ளே பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் வாங்காதே. வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால், தோலுரித்துத் துண்டாக்கி ஃப்ரீசரில் வை.

வள்ளிக்கிழங்கு: கரீபியத்தின் வெள்ளை 'யாம்', நம் பெருவள்ளிக்கிழங்கின் இனம். பொங்கல் சமயத்தில் தென்மாவட்டச் சந்தைகளில் கிடைக்கும். இலங்கைச் சந்தைகளின் இராசவள்ளியும் இதே இனம்தான். ஊதா வகையைப் போட்டால் கறியின் நிறம் மாறும், ருசிக்குக் குறைவில்லை. இரண்டும் கிடைக்காவிட்டால் சேனைக்கிழங்கு போடு. ருசி வேறாக இருந்தாலும், உடையாமல் நிற்கும்.

சேப்பங்கிழங்கு: டிரினிடாட்டில் 'எடோ' என்று சமைப்பது இதைத்தான். கையடக்கமாக, ஒரே அளவில் பொறுக்கி எடு. பெரிதும் சிறிதுமாக இருந்தால் ஒன்று குழைந்து மற்றது வேகாமல் கிடக்கும்.

சர்க்கரைவள்ளி: ஆரஞ்சு நிறச் சதையுள்ளது நீர்ப்பதம் அதிகம், சீக்கிரம் குழையும். கரீபியச் சந்தைகளில் அதிகம் விற்பது சிவப்புத் தோலும் வெளிறிய சதையும் கொண்ட வகை. நம் ஊர்ச் சிவப்புத் தோல் கிழங்கு அதற்கு மிகவும் நெருக்கம்.

உருளைக்கிழங்கு: ஒன்றே ஒன்று போதும். அது கரைந்து குழம்பைப் பிணைக்கத்தான்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிற தங்கச்சிகளுக்கு வேலை இன்னும் சுலபம். பிரிக்ஸ்டன் சந்தை மாதிரி கரீபிய மக்கள் புழங்கும் இடங்களில் யாம், எடோ எல்லாம் அதே பெயரில் குவிந்திருக்கும். தோலுரித்த மரவள்ளி உறைய வைத்தும் கிடைக்கும்.

நறுக்குமுன் கவனிக்க வேண்டியவை

மரவள்ளியை ஒருபோதும் பச்சையாக வாயில் போடாதே, குழந்தைகளையும் போட விடாதே. சயனைடை வெளிவிடும் இயற்கை நச்சுப்பொருள் அதில் இருக்கிறது. சமையலுக்கு விற்கும் இனிப்பு வகையில் குறைவு, கசப்பு வகையில் மிக அதிகம். மேல் பழுப்புத் தோலோடு, அடியில் இருக்கும் தடித்த இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உரி. விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, நடுநரம்பை எடுத்துவிடு. நிறையத் தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல், கத்தி இறங்கும்வரை வேகவிடு. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடு, குழம்புக்கு ஊற்றாதே. துண்டு கசந்தால் தயங்காமல் எல்லாவற்றையும் எறிந்துவிடு.

சேப்பங்கிழங்கு அரிப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் என்ற கூரான நுண்ணிய படிகங்கள். தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, ஆறிய பிறகு உரித்தால் கையில் அரிப்பு அதிகம் இருக்காது. பச்சையாக உரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், கையை ஈரமில்லாமல் துடைத்து எண்ணெய் தடவிக்கொள். வள்ளிக்கிழங்கும் சேனையும் அரிக்கும், அவற்றுக்கும் இதே வழிதான்.

வெட்டிய கிழங்கு கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போட்டு வை. எல்லாத் துண்டும் இரண்டு விரல் கனத்துக்கு இருக்கட்டும். சீக்கிரம் வேகட்டும் என்று சிறிதாக வெட்டாதே. மாவுச்சத்து நிறைந்த கிழங்கு சிறு துண்டானால் ஓரம் கரைந்து கூழாகிவிடும்.

கறிப்பொடி: சாம்பார்பொடி உதவாது

இதற்குச் சாம்பார்பொடியோ குழம்புமிளகாய்த்தூளோ போடாதே. சாம்பார்பொடியில் பருப்பு இருக்கிறது, இரண்டிலும் வற்றல்மிளகாய் நிறைய இருக்கிறது. டிரினிடாட் கறிப்பொடியில் மிளகாய் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். காரம் தனியாக, பச்சையான மிளகாயிலிருந்து வரும். அதனால்தான் நிறம் சிவப்பாக இல்லாமல், மஞ்சளும் பழுப்பும் கலந்து நிற்கிறது.

வீட்டில் பொடித்துக்கொள்ள அளவு இது: தனியா 4 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி. இவற்றைச் சிறுதீயில், மணம் கிளம்பும் வரை மட்டும் வறு. சிவக்க வறுக்காதே, வெந்தயம் கருகினால் கறி முழுக்கக் கசக்கும். ஆறியதும் நைசாகப் பொடித்து, மஞ்சள்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி கலந்துகொள். மஞ்சள் அதிகமாகத் தெரிகிறதே என்று குறைக்காதே. கரீபியக் கறிக்கு நிறமும் அடிமணமும் அதிலிருந்துதான்.

தனியாக இன்னொரு மேசைக்கரண்டி சீரகத்தைக் கரும்பழுப்பு வரும்வரை வறுத்துப் பொடித்து, சிறு புட்டியில் போட்டு வை. வறுத்த கீரா என்று அங்கே கொண்டாடும் பொடி இது. கறியை இறக்கும் நேரத்தில் மட்டும் போட வேண்டும். கொதியில் விட்டால் மணம் ஆவியாகிவிடும்.

பச்சை மசாலா: இதில் கஞ்சம் வேண்டாம்

டிரினிடாட் வீடுகளின் குளிர்பெட்டியில் பச்சை நிறத்தில் ஒரு புட்டி எப்போதும் இருக்கும். 'கிரீன் சீசனிங்' என்ற இந்தப் பச்சை மசாலாவைக் கறியிலிருந்து மீன் வரைக்கும் எல்லாவற்றுக்கும் போடுவார்கள். அதன் உயிர், 'ஷாடோ பெனி' என்ற மூலிகை இலை. நீளமாக, ஓரத்தில் முள்முள்ளாக இருக்கும். கொத்தமல்லியின் மணம்தான், அதைவிடப் பல மடங்கு வீரியம். கேரளத்தில் ஆப்பிரிக்கன் மல்லி என்று தொட்டியில் வளர்க்கிறார்கள். உனக்கும் நாற்று கிடைத்தால் நிழலான இடத்தில் ஒரு தொட்டியில் வை, நன்றாக வரும். கிடைக்காதவரை கொத்தமல்லியைத் தண்டோடு, அளவைக் கூட்டிப் போடு.

அடுத்தது தைம். இதற்காக விலை கொடுத்து வெளிநாட்டு இலை வாங்க அவசியமில்லை. சளிக்குக் கஷாயம் வைக்கிற நம் கற்பூரவள்ளியை டிரினிடாட்டில் ஸ்பானிஷ் தைம் என்று அழைத்துப் பச்சை மசாலாவில் சேர்க்கிறார்கள். செடி உன் பால்கனியிலேயே இருக்கலாம். ஆனால் மூன்று நான்கு இலைக்கு மேல் போகாதே, மற்ற மணத்தையெல்லாம் அமுக்கிவிடும்.

அளவு: நறுக்கிய கொத்தமல்லி தண்டோடு ஒரு கப் அமுக்கி, வெங்காயத்தாள் நான்கு, பூண்டு எட்டுப் பல், கற்பூரவள்ளி மூன்று இலை, காரமில்லாத பஜ்ஜி மிளகாய் பாதி, பச்சைமிளகாய் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டுக் கொரகொரப்பாக அரை. ஒரு வாரம் குளிர்பெட்டியில் தாங்கும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால், வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

மிளகாய்: உடையாமல் மிதக்க வேண்டும்

ஸ்காட்ச் பானட் என்ற குண்டு மிளகாய் கடுமையான காரம். அதன் காரம் ஸ்கோவில் அளவில் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். ஆனால் கரீபிய மக்கள் அதைத் தேடுவது காரத்துக்காக மட்டும் அல்ல, பழ வாசனைக்காகவும்தான். அந்த வாசனை கிடைக்க ஒரு வழி உண்டு. காம்போடு முழு மிளகாயைக் கறியில் மிதக்கவிட்டு, உடையாமல் பார்த்துக்கொண்டு, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும். மணம் இறங்கும், காரம் லேசாகத்தான் இறங்கும். கரண்டியால் கிண்டும்போது மிளகாயை ஓரமாக ஒதுக்கிக்கொள்.

இலங்கையில் விற்கும் நை மிரிஸ் இதே இனத்து மிளகாய், அது அருமையாகப் பொருந்தும். அதுவும் இல்லையென்றால், காரமான பச்சைமிளகாய் இரண்டைக் கீறாமல் முழுசாகப் போடு. பழ வாசனை வராது, காரம் கிடைக்கும். ஸ்காட்ச் பானட்டை வெறுங்கையால் நறுக்காதே. தொட்டுவிட்டால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவு. மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் போகாது. அந்தக் கையோடு கண்ணையோ குழந்தையையோ தொடாதே.

தேவையான சாமான்

வள்ளிக்கிழங்கு அல்லது சேனை 300 கிராம், மரவள்ளி 300 கிராம், சேப்பங்கிழங்கு 200 கிராம், சர்க்கரைவள்ளி 200 கிராம், உருளைக்கிழங்கு ஒன்று.

கறிப்பொடி 3 மேசைக்கரண்டி, பச்சை மசாலா 4 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஐந்து பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, முழு மிளகாய் ஒன்று, எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

கெட்டியான முதல் தேங்காய்ப்பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டரைக் கப். வறுத்த சீரகப்பொடி அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை பாதி, உப்பு, கொத்தமல்லி.

டிரினிடாட்டில் எல்லா வீட்டிலும் கறிக்குத் தேங்காய்ப்பால் விடுவதில்லை. கிழங்கு வறட்சியான பண்டம் என்பதால் நான் விடச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வெந்நீரே போதும்.

செய்முறை

1. மரவள்ளியையும் சேப்பங்கிழங்கையும் மேலே சொன்னபடி தனித்தனியாக வேகவைத்து எடுத்து வை. இவற்றைக் கடைசியில்தான் போடப் போகிறோம்.

2. கறிப்பொடியோடு ஒரு மேசைக்கரண்டி பச்சை மசாலாவும் அரைக் கப் தண்ணீரும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பத்து நிமிடம் ஊறவிடு.

3. அடிகனமான இரும்புச் சட்டியைக் காயவைத்து எண்ணெய் ஊற்று. சீரகம் பொரிந்ததும் நசுக்கிய பூண்டையும் வெங்காயத்தையும் போட்டு, ஓரம் பொன்னிறம் ஆகும்வரை வதக்கு.

4. குழைத்த பொடியை ஊற்று. கறியின் தலைவிதி இந்த இடத்தில்தான். நடுத்தரத் தீயில் விடாமல் கிண்டு. முதலில் தண்ணீர் வற்றும், பிறகு விழுது கெட்டியாகி அடிபிடிக்கப் பார்க்கும். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, அடியைச் சுரண்டி மறுபடி சுண்டவிடு. இப்படி இரண்டு மூன்று முறை செய். விழுது கருமஞ்சளாகி, மணல்மணலாகப் பிரிந்து, ஓரத்தில் எண்ணெய் கக்க வேண்டும். மஞ்சளின் பச்சை வாடை அறவே போயிருக்க வேண்டும். காய்ந்த பொடியை நேரே எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு அதிகம் ஏறாது. அது வற்றிய பிறகு, நன்றாக ஊறிய பொடி எண்ணெயில் நிதானமாகப் பொரியும். மசாலாவின் மணம் பெரும்பாலும் எண்ணெயில் கரைவது என்பதால், இந்த வேலையை அவசரப்படுத்தினால் பிறகு எவ்வளவு கொதிக்கவிட்டாலும் ஈடாகாது.

5. வள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்குத் துண்டுகள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பச்சை மசாலா சேர். எல்லாத் துண்டிலும் விழுது ஒட்டும்படி புரட்டி, ஐந்து நிமிடம் மூடி வை. கிழங்கில் மசாலா நன்றாகப் பிடிப்பது தண்ணீர் ஊற்றும் முன்பான இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

6. இரண்டாம் தேங்காய்ப்பாலைச் சூடாக ஊற்று. குளிர்ந்ததை ஊற்றினால் கொதி அடங்கிவிடும். மூடி, பத்து நிமிடம் சிறுகொதியில் வேகவிடு. தளபுளவென்று கொதித்தால் துண்டுகள் முட்டி மோதி உடையும்.

7. சர்க்கரைவள்ளியையும் முழு மிளகாயையும் போட்டு, ஆறேழு நிமிடம் வேகவிடு.

8. மரவள்ளி, சேப்பங்கிழங்கு சேர். ஐந்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சட்டியின் ஓரத்தில் அழுத்தி மசித்துக் கலந்துவிடு. குழம்பு கெட்டியாக இது போதும். சோளமாவோ மைதாவோ கரைத்து ஊற்றாதே.

9. முதல் தேங்காய்ப்பாலை ஊற்றித் தீயைக் குறை. ஓரத்தில் குமிழி எழும்பினால் போதும், கொதிக்கவிட்டால் பால் திரியும். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடு.

10. மிளகாயைப் பத்திரமாக எடு. மீதிப் பச்சை மசாலா, வறுத்த சீரகப்பொடி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து மூடி, கால் மணி நேரம் ஆறவிடு. புளிப்பை முன்னாடியே சேர்த்தால் கிழங்கு சீக்கிரம் வேகாது, அதனால்தான் எலுமிச்சை கடைசியில். தக்காளி பிடிக்கும் என்றால் பாதித் தக்காளி மட்டும், அதுவும் கிழங்கு வெந்த பிறகு சேர்.

பிரஷர் குக்கர் வேண்டாம், தங்கச்சி. இத்தனை வகைக் கிழங்கும் ஒரே விசிலுக்கு ஒரே பதத்தில் வேகாது. மரவள்ளியை மூடாமல் வேகவைப்பதுதான் பாதுகாப்பும்கூட.

ஏதாவது தப்பிவிட்டால்

பச்சைப் பொடி வாடை அடிக்கிறதா? தனிக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, பூண்டும் சீரகமும் தாளித்துக் கொட்டி, மூடாமல் சிறுதீயில் சில நிமிடம் வை. முழுக்கப் போகாவிட்டாலும் அடங்கும். தேங்காய்ப்பால் விடும் முன்பே ருசி பார்த்தால் சரிசெய்வது இன்னும் சுலபம்.

காரம் ஏறிவிட்டதா? தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. இன்னொரு அரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பாலும், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் சேர்.

தொண்டை அரிக்கிறதா? சேப்பங்கிழங்கோ சேனையோ வேகவில்லை என்று அர்த்தம். பரிமாறாதே. கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகக் குழைய வேகவிடு.

அடி கருகிவிட்டதா? சுரண்டாமல் மேலோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடு. ஆனால் நான்காம் படியில் பொடியே கருகிக் கசந்துவிட்டால், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பி. கொஞ்சம் பொடிக்காக ஒரு கிலோ கிழங்கை வீணாக்காதே.

மற்ற கரீபியப் பகுதிகளின் வழி

ஜமைக்கா: அங்கே ஆல்ஸ்பைஸ் என்ற வாசனைக் காய் விளைகிறது. கறிப்பொடியிலும் அது சேரும். காய்ந்த அந்தக் காய் நாலைந்தை நசுக்கிப் போட்டு, தைமையும் வெங்காயத்தாளையும் கூட்டி, தேங்காய்ப்பால் விட்டால் ஜமைக்காவின் மணம் வந்துவிடும். ஆல்ஸ்பைஸ் இல்லாவிட்டால் இரண்டு கிராம்பும் சிறு துண்டு பட்டையும் நசுக்கிப் போடு. அங்குள்ள ராஸ்தஃபாரி சமயத்தினரின் 'இட்டல்' சமையலில் இறைச்சி கிடையாது. பலர் உப்பையும் சேர்ப்பதில்லை. மூலிகை, தேங்காய்ப்பால், மிளகாய் மணத்திலேயே கிழங்கை ருசியாக்கிவிடுவார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், பச்சை மசாலாவை இரட்டிப்பாக்கி உப்பைக் குறைக்கும் இந்த வழி கைகொடுக்கும்.

கயானா: இந்து வீட்டு விசேஷங்களில் ஏழு வகைக் கறியை நீர்த்தாமரை வகை இலையில் பரிமாறுவார்கள். பூசணி, மாங்காய், கொண்டைக்கடலை உருளையோடு சேப்பங்கிழங்குக் கறியும் அதில் இடம்பெறும். கிழங்கை மட்டும் தனியாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், சேப்பங்கிழங்கை வைத்து இதே முறையில், தேங்காய்ப்பால் இல்லாமல் கெட்டியாகச் செய்.

மார்ட்டினிக், குவாதலூப்: இந்தப் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். 1853 முதல் மார்ட்டினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும், புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அந்தத் தீவுகளில் இன்று எல்லாரும் சமைக்கிற 'கொலம்போ' கறி, நம் குழம்பின் வழிவந்தது. அதன் பொடியில் தனியா, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சளோடு வறுத்த அரிசியும் சேரும். நீயும் ஒரு மேசைக்கரண்டி பச்சரிசியைச் சிவக்க வறுத்துப் பொடித்து, மேலே சொன்ன கறிப்பொடியில் கலந்து பார். குழம்பு தானாகக் கெட்டிப்படும், உருளைக்கிழங்கு மசிக்க வேண்டியிராது.

பரிமாறவும் மிச்சத்துக்கும்

டிரினிடாட்டில் ரொட்டியோடுதான் அதிகம் சாப்பிடுவார்கள். கடலைப்பருப்பு மாதிரியான பட்டாணிப் பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்த தால்பூரி, அடித்து உதிர்த்த பராட்டா, எண்ணெயில்லாத சாதா ரொட்டி என்று வகைகள் உண்டு. வீட்டுச் சப்பாத்தியோ, உதிர்த்த புரோட்டாவோ நன்றாகவே பொருந்தும். தொட்டுக்கொள்ளத் துருவிய மாங்காயை மசாலாவும் கடுகெண்ணெயும் சேர்த்துச் செய்யும் 'குச்சேலா' ஊறுகாய் வைப்பார்கள். நம் மாங்காய்த் தொக்கு அந்த இடத்தை நிரப்பும்.

சோறும் கிழங்கும் இரண்டுமே மாவுச்சத்து. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதைச் சோற்றின்மேல் ஊற்றிப் பரிமாறாதே. கிழங்கையே அன்றைய சோறாகக் கணக்கு வைத்துக் கொஞ்சமாகக் கொடு. கூடவே வேகவைத்த கொண்டைக்கடலையை ஒரு கைப்பிடி கறியிலேயே போட்டுவிடு. டிரினிடாட்டிலும் கொண்டைக்கடலையும் உருளையும் சேர்ந்த கறி அன்றாட உணவுதான், அதனால் மரபும் மாறாது.

மறுநாள் கறி இறுகிவிடும், கிழங்கின் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்வதுதான் காரணம். சூடுபடுத்தும்போது வெந்நீர் தெளித்துச் சிறுதீயில் வை. ருசி முதல் நாளைவிடக் கூடியிருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்த பண்டம் என்பதால் வெளியே விட்டுவைக்காதே. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடு. விருந்துக்குச் செய்வதானால், முதல் தேங்காய்ப்பால் சேர்க்கும் முன்பு வரை முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் பாலும் சீரகப்பொடியும் சேர்த்து இறக்கலாம்.

முதல்முறை செய்யும்போது நான் சொன்ன அளவையும் வரிசையையும் மாற்றாமல் செய், தங்கச்சி. புளியும் கறிவேப்பிலையும் இல்லாமல் கிழங்குக்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று வீட்டில் இருப்பவர்களே கேட்பார்கள். கேட்கும்போது, தோட்டத்தில் பாடுபட்ட மக்கள், கையில் கிடைத்ததை வைத்து உருவாக்கிய சமையல் இது என்று அவர்களுக்கும் சொல். அடுத்த வாரச் சந்தையில் நல்ல மரவள்ளி வந்தால் விட்டுவிடாதே, வாங்கி வந்து அன்றைக்கே செய்துவிடு.